மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வரலாற்றுப் புத்தகம் வேண்டுமா?

மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மூத்தவளுக்கு 12 வயது, நடுப்பையனுக்கு 9, கடைக்குட்டிக்கு 6. பெரியவர்கள் இருவரும் போன வருடம் பழங்கால வரலாறு படித்தார்கள். இந்த வருடம் இடைக்காலம், அதாவது ஏறக்குறைய கி.பி. 400 முதல் 1600 வரை. கடைக்குட்டி இந்த வருடம்தான் பாடத்தில் சேர்ந்திருக்கிறாள். ஆளுக்கொரு வகுப்புப் புத்தகம், ஆளுக்கொரு பயிற்சி ஏடு வாங்கி, வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொருவருக்கும் 40 நிமிடம் என்று அட்டவணை போட்டிருக்கிறார். நடுவில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் மூன்று மாதம் வரலாற்றைத் தொடவே முடியவில்லை. இப்போது மூன்று புத்தகமும் மூன்று இடத்தில் நிற்கின்றன. போன வாரம் மூத்தவள் இரண்டு பானிபட் போர்களின் ஆண்டுகளை மாற்றி எழுதிவிட்டாள். திருத்தச் சொன்னதும், "1526ஆ இருந்தா என்ன, 1556ஆ இருந்தா என்ன, எனக்கு ஹிஸ்டரியே பிடிக்கலை" என்று ஏட்டை மூடிவிட்டு அழுதிருக்கிறாள்.

அவர் கேட்பவை இவை. மூன்று வயதுக்கும் ஒத்துவரும் நல்ல பாடத்திட்டம் எது, புதிதாக வாங்கவா? சின்னவள் நடுவிலிருந்து தொடங்கினால் ஒன்றும் புரியாதே, எல்லாரையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா? விட்டுப்போனதைப் பிடிக்கத் தினம் இரண்டு பாடம் நடத்தலாமா? உலக வரலாறு அப்புறம், முதலில் நம் நாட்டு வரலாற்றை முடி என்கிறாரே கணவர், அது சரியா? கலிங்கப் போர்க் கதையைக் கேட்டுச் சின்னவள் இரண்டு நாள் தூங்கவில்லை, இந்த மாதிரி விஷயங்களை என்ன செய்வது? நாளைக்கு மூத்தவள் பொதுத் தேர்வு எழுத நினைத்தால் சிக்கல் வருமா?

சகோதரி, முதலில் உங்கள் அட்டவணையைக் கணக்குப் பார்த்தேன். மூன்று பிள்ளைகள், நான்கு நாள், 40 நிமிடம்: வாரத்துக்கு எட்டு மணி நேரம். அது வரலாறு ஒன்றுக்கு மட்டும். கணக்கும் மொழியும் அறிவியலும் இதற்கு மேல். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருக்காவிட்டாலும் இந்த அட்டவணை நின்றிருக்காது, கொஞ்சம் தாமதமாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். உங்களிடம் ஒழுங்கு இல்லை என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. எந்த ஒழுங்கும் தாங்காத சுமையை எடுத்துக்கொண்டீர்கள்.

வரலாறு படிக்கட்டு இல்லை

கணக்கில் கூட்டல் தெரியாமல் பெருக்கலுக்குப் போக முடியாது, அதனால் ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு புத்தகம் வேண்டும். வரலாறு அப்படி இல்லை. பல்லவர்களைப் படிக்க பாபிலோனியாவை முடித்திருக்க வேண்டியதில்லை. ஆறு வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் ஒரே கதையை ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்டு முடித்த பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வயது வருகிறது. எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பது முக்கியமாக இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

வெறும் கொள்கையாகச் சொன்னால் பிடிபடாது, நீங்கள் இப்போது நிற்கும் இடைக்காலத்திலிருந்தே ஒன்று எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு அரசர் மான்சா மூசா 1324இல் மெக்கா யாத்திரைக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கினார். அவரும் அவருடைய ஆட்களும் அங்கே வாரி இறைத்த தங்கத்தால் ஊரில் தங்கத்தின் மதிப்பே இறங்கிவிட்டது. கதை இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் வாசித்துவிடலாம்.

கடைக்குட்டி ஒட்டகங்களை வரைவாள், ராஜா என்ன செய்தார் என்று நாலு வாக்கியம் சொல்வாள். அவளுக்கு அது போதும். பையனிடம் ஆப்பிரிக்க வரைபடத்தைக் கொடுங்கள். மாலியிலிருந்து சகாரா வழியாகக் கெய்ரோ, அங்கிருந்து மெக்கா என்று கோடு போடட்டும். போட்டுக்கொண்டே வரும்போது, இவ்வளவு பெரிய பாலைவனத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று அவனே கேட்பான். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மூத்தவளுக்கு வேலை இனிமேல்தான். தங்கத்தின் மதிப்பு இறங்கியதை எழுதி வைத்தவர் அல் உமரி என்ற அறிஞர். அவர் மூசாவைப் பார்த்தவர் இல்லை. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, கெய்ரோக்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார். அப்புறம் 1375இல் மயோர்க்கா தீவில் வரைந்த கட்டலான் வரைபடத்தில் மூசா கிரீடத்தோடு, கையில் ஒரு பொன் உருண்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த இரண்டையும் வைத்து அவளிடம் கேளுங்கள்: நேரில் பார்க்காதவர் எழுதியதை நம்பலாமா? எந்த அளவுக்கு? பார்த்தவர்கள் மிகைப்படுத்தியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பக்கம் எழுதட்டும். தேதி மனப்பாடம் பண்ணச் சொன்னால் அழும் பெண், இந்த மாதிரிக் கேள்விக்கு உங்களோடு சண்டை போடுவாள். அந்தச் சண்டைதான் அவள் வயதுக்கான வரலாற்றுப் பாடம்.

வாங்காதீர்கள், இருப்பதிலேயே ஒன்று போதும்

உங்கள் நடுப்பையனின் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "அதை வாசித்தால் மூவருமே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், ஆனால் அது மூத்தவளின் வகுப்புக்கு இல்லையே." நீங்கள் தேடும் பாடத்திட்டம் அதுதான். 42 அத்தியாயம், கதை போன்ற நடை, காலவரிசைப்படி போகிறது. அதை மையப் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவளின் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள், அவள் ஏதாவது விரிவாகத் தேட வேண்டும் என்றால் எடுத்துப் பார்க்கட்டும். சின்னவளின் பயிற்சி ஏட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம், அவளுக்கு அது தேவையே இல்லை.

அடுத்த வருடத்துக்கு என்று எப்போதாவது வாங்கப் போனால், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், மூன்று காரியம் செய்யுங்கள். ஏதாவது இரண்டு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள், நாக்கு இடறினால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் வருடம் முழுக்க வாசிக்கப்போவது நீங்கள். பொருளடக்கத்தைத் திறந்து எந்தக் கண்டத்துக்கு எத்தனை அத்தியாயம் என்று எண்ணுங்கள். உலக வரலாறு என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே முக்கால்வாசி ஐரோப்பாவும், ஆப்பிரிக்காவுக்கு அடிமை வணிகத்தில் மட்டும் இடமும் கொடுக்கிற புத்தகங்கள் நிறைய உண்டு. கடைசியாக 1492ஐப் பற்றிய பக்கத்துக்குப் போங்கள். கொலம்பஸ் ஒரு காலி நிலத்தைக் கண்டுபிடித்தது மாதிரி எழுதியிருக்கிறதா, அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? அந்த ஒரு பக்கம் முழுப் புத்தகத்தின் குணத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். குறைகள் இல்லாத புத்தகம் கிடைக்காது. குறை எங்கே என்று தெரிந்தால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்து நிரப்பிக்கொள்ளலாம்.

கைவேலை எதுவும் செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் கடிதத்தில் தெரிகிறது. சர்க்கரைக் கட்டிகளில் பிரமிடு கட்டுவது, அட்டையில் கோட்டை செய்வது எல்லாம் பிடித்திருந்தால் செய்யலாம், ஆனால் மூன்று நாள் முடிந்ததும் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது பசைதான். அந்தக் காலத்து மனிதனின் கை செய்த வேலையையே குழந்தையின் கையும் செய்யும்போதுதான் கைவேலை பாடமாகிறது. நான் பார்த்த ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஈரக் களிமண்ணைத் தட்டையாக்கி, குச்சி முனையால் மீன் வரைந்தான். வளைவு வரும் இடத்திலெல்லாம் மண் குச்சியோடு சுருண்டுகொண்டு மேலே வந்தது. நாலு தடவை அழித்தான். அப்புறம் குச்சியைச் சாய்த்துப் பிடித்து, இழுக்காமல் நேராக அழுத்தி அழுத்தி எடுத்தான். மீன் ஐந்தாறு ஆப்பு வடிவங்களாக வந்து நின்றது. சுமேரியர் எழுத்து ஏன் ஆப்பு ஆப்பாக இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வருடத்துக்கு இப்படி நாலு போதும்.

சின்னவள் நடுவில் ஏறினால் என்ன ஆகும்

ஒன்றும் ஆகாது. ஆறு வயதில் 500 ஆண்டுக்கு முன் என்பதும் 5,000 ஆண்டுக்கு முன் என்பதும் ஒன்றுதான், இரண்டுமே "ரொம்ப நாளைக்கு முன்னாடி." அவளுக்கு வரிசை முறிகிறது என்று கவலைப்படுவது நாம்தான், அவளிடம் முறிய இன்னும் வரிசையே உருவாகவில்லை.

வீட்டுக்கல்வியில் பலரும் பின்பற்றும் நான்கு ஆண்டுச் சுற்றைத்தான் நீங்களும் பிடித்திருக்கிறீர்கள்: பழங்காலம், இடைக்காலம், 1600 முதல் 1850 வரை, அதன் பிறகு இன்றுவரை. அதையே மூவருக்கும் ஓட்டிப் பாருங்கள். சின்னவள் 6 வயதில் இடைக்காலத்தில் ஏறுகிறாள், 9 வயதில் பழங்காலம் அவளிடம் வருகிறது, 10 வயதில் மறுபடி இடைக்காலம். பையனுக்கு 12 வயதில் இரண்டாம் சுற்று தொடங்கும். மூத்தவள் 14 வயதில் முதல் சுற்றை முடித்துவிடுவாள். எல்லாரையும் இப்போது முதலுக்குக் கொண்டுபோனால் நஷ்டப்படுவது மூத்தவள்தான். பழங்காலத்தையே மறுபடி படித்துவிட்டு, 20ஆம் நூற்றாண்டுக்கு வந்து சேர ஒரு வருடம் பிந்துவாள், அவளுக்கோ சுற்றைத் திரும்பப் பிடிக்க அதிக வருடம் இல்லை. அதனால் வேண்டாம்.

இந்தச் சுற்று முறையிலும் ஒரு கெடுதல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பழங்காலத்தில் ஆசையாக நீண்ட நேரம் நின்றுவிட்டு, நான்காம் வருடத்தில் மூச்சு வாங்கி, இரண்டாம் உலகப் போரோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் வாழும் உலகத்தைச் செய்த கடைசி எண்பது ஆண்டுகள் விடுபட்டுப்போகின்றன. நான்காம் வருடத்தில் 1945க்குப் பின்னால் வருவதற்கென்று பத்து வாரமாவது முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

வரிசை புரிவதற்குப் புத்தகத்தைவிட ஒரு நீளக் காகிதச் சுருள் உதவும். நூறு ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் 5,000 ஆண்டுக்கு 5 மீட்டர் வரும், நடைபாதைச் சுவரில் ஒட்டிவிடலாம். கி.மு. எண்கள் பின்னோக்கி எண்ணப்படுவதும், கி.மு. 1க்கு அடுத்தது நேராக கி.பி. 1 என்பதும், நடுவில் பூஜ்யம் இல்லை என்பதும் வாயால் சொன்னால் பையனுக்குக் குழம்பும், சுவரில் பார்த்தால் குழம்பாது. கிசாவின் பெரிய பிரமிடையும் கிளியோபாட்ராவையும் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் எகிப்துதானே, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டரை மீட்டர் வரும், கிளியோபாட்ராவிலிருந்து நம்முடைய நாள் வரை இரண்டு மீட்டரை ஒட்டித்தான் வரும்.

இந்தச் சுவர் உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் சொல்கிறது. நம் நாட்டு வரலாறு முதலில் வேண்டும் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பிள்ளைகள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமல் ரோமானிய அரசர்களின் பட்டியலை ஒப்பிப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் "முதலில் நம்முடையது, அப்புறம் மற்றவர்களுடையது" என்று பிரித்துவிட்டால் இரண்டும் இரண்டு தனி உலகமாகவே மனதில் தங்கிவிடும். அசோகர், சீனாவின் முதல் பேரரசர், ரோமை நடுங்கவைத்த ஹானிபல் மூவரும் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்காரர்கள் என்பது பல பெரியவர்களுக்கே தெரியாது. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சேர நாட்டு முசிறித் துறையைப் பற்றிய சங்கப் பாட்டு சொல்கிறது. அந்த முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது, எகிப்தின் பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. இதை எந்த நாட்டு வரலாறு என்று பிரிப்பது? சுருளில் கோட்டுக்கு மேலே நம்முடையது, கீழே உலகத்துடையது என்று எழுதிக்கொண்டே போங்கள். மையப் புத்தகத்தில் நம் நாடு குறைவாக வந்தால், மூன்று வாரத்துக்கு ஒரு அமர்வை அதற்கென்று வையுங்கள். அந்த அமர்வைக் கணவரே நடத்தட்டும், அவருக்குத்தான் ஆசை இருக்கிறதே.

வாரம் எப்படி ஓடும்

வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று நான் சொன்னால் குறைவாகத் தோன்றும். செய்து பாருங்கள்.

முதல் நாள், எல்லாரும் சேர்ந்து அரை மணி நேரம். ஒரு அத்தியாயம் வாசிப்பீர்கள். சின்னவள் கால்மணி நேரத்துக்கு மேல் உட்காராவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்தில் விளையாடிக்கொண்டே கேட்பாள். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சின்னவள்தான் முதலில் சொல்ல வேண்டும், அடுத்து பையன், கடைசியில் மூத்தவள். இந்த வரிசை முக்கியம். மூத்தவள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது, நாலு வாரத்தில் சின்னவள் "அக்கா சொன்னதுதான்" என்று பழகிவிடுவாள். நடுவில் திருத்தாதீர்கள், மூவரும் முடித்த பிறகு தவறு இருந்தால் சொல்லுங்கள்.

திருப்பிச் சொல்வது பயிற்சி ஏட்டுக்கு ஈடாகுமா என்று நினைப்பீர்கள். இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) தம் முறையின் நடுநாயகமாக வைத்தது இதைத்தான். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையிலும் இது தெரிந்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது பிள்ளை ஒரு சொல்லைத் தேடுகிறது, அவ்வளவுதான். திருப்பிச் சொல்லும்போது எது முதலில் எது பிறகு, எது முக்கியம், யார் யாருக்கு என்ன ஆனார்கள் என்று எல்லாவற்றையும் அதுவே அடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் நாள், வரைபடமும் காலச் சுருளும், அரை மணி. சின்னவள் படம் ஒட்டுவாள், பையன் ஆண்டு எழுதுவான். இத்தோடு சின்னவளுக்கு வரலாறு முடிந்தது. பையன் வாரத்தில் எப்போதாவது அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு கதைப் புத்தகத்தை அவன் போக்கில் வாசிக்கட்டும், அதைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். மூத்தவள் தனியாக ஒரு மணி நேரம் எழுதுவாள், அதை வைத்து நீங்கள் இருவரும் மட்டும் ஒரு அரை மணி நேரம் பேசுவீர்கள். மொத்தத்தில் உங்கள் நேரம் இரண்டு மணிக்குள் அடங்கும். அந்த அரை மணிப் பேச்சை மட்டும் எந்த வாரமும் விட்டுவிடாதீர்கள். தம்பி தங்கைக்கு நடுவில் பெரியவள் என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, அம்மா தன் கருத்தை மட்டும் கேட்கும் நேரம் அது ஒன்றுதான் இருக்கலாம்.

திங்கள், புதன் என்று கிழமையைக் கட்டிக்கொள்ள வேண்டாம். முதல் அமர்வு, இரண்டாம் அமர்வு என்று வரிசை மட்டும் வையுங்கள். காய்ச்சல் வந்து ஒரு நாள் போனால், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அடுத்தது. எதுவும் "பிந்தியதாக" ஆகாது. வருடத்துக்கு 36 வாரம் கணக்குப் போட்டால் 30 வாரத்துக்கு மட்டும் பாடம் எழுதுங்கள், ஆறு வாரம் காலியாகவே இருக்கட்டும். குடும்பம் என்றால் அந்த ஆறு வாரம் எப்படியும் போகும்.

விட்டுப்போன மூன்று மாதத்துக்கும் இதே பதில்தான். பையனின் புத்தகத்தில் 12 அத்தியாயம் முடிந்து 30 மீதி, கையில் 20 வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். தினம் இரண்டு பாடம் ஓட்டினால் முப்பதும் முடியும், யாருக்கும் எதுவும் நிற்காது. அதற்குப் பதில் மூத்தவளையும் கூட வைத்துக்கொண்டு முப்பதில் 15ஐத் தேர்ந்தெடுங்கள். மீதியில் ஏழெட்டைச் சுருளில் ஒரு வரியாகக் குறித்துவிட்டுப் போகலாம். மற்றவை அடுத்த சுற்றில் வரட்டும். புத்தகத்தை எழுதியவர் கடைசிப் பக்கம் வரை எழுதினார் என்பதற்காக நாமும் கடைசிப் பக்கம் வரை போயாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கலிங்கமும் ஆறு வயதும்

உங்கள் மகள் தூங்காமல் இருந்தது நீங்கள் செய்த தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் கதையை உண்மையாகக் கேட்டிருக்கிறாள். ஆனால் சேர்ந்து வாசிக்கும் வீட்டில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு: அக்காவுக்குத் தயாராக இருக்கும் செய்தி தங்கை காதிலும் விழும். அதனால் அத்தியாயத்தை முந்தின நாள் நீங்கள் ஒரு தடவை புரட்டிவிடுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும். பொது வாசிப்பில் நடந்ததை மறைக்கவும் வேண்டாம், விவரிக்கவும் வேண்டாம். "பெரிய போர் நடந்தது, நிறையப் பேர் இறந்துபோனார்கள், ராஜா அதை நினைத்து வருந்தினார்" என்பது உண்மை, ஆறு வயதுக்கு அந்த அளவு போதும். அவள் மேலே கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பொய் சொல்லி மென்மையாக்காதீர்கள், பெரியவளானதும் அது பொய் என்று தெரிந்துவிடும்.

மூத்தவளுக்கு முழுதும் கொடுக்கலாம். அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று அவரே சொல்கிறார். அந்த வருத்தக் கல்வெட்டு கலிங்கத்தில் இருக்கும் தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே அதற்குப் பதிலாக வேறு இரண்டு கட்டளைகளைத்தான் செதுக்கவைத்தார். தோற்ற மக்களின் ஊரில் ஏன் அதை வெட்டவில்லை என்று அவளிடம் கேளுங்கள். அறிஞர்கள் யோசிக்கும் கேள்வி அது, உங்களுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடிமை வணிகம், இன அழிப்பு போன்றவை அடுத்த இரண்டு வருடத்தில் வரும்போதும் இதே முறை: பொதுவில் சுருக்கமாக, மூத்தவளோடு தனியாக விரிவாக. நடுப்பையன் எந்தப் பக்கம் உட்காருவான் என்பதை அவன் முகத்தைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம், தேர்வு

இதில் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பதில் கிடையாது. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்கு அனுமதி உண்டு, ஆனால் ஒரு மாநிலத்தில் காலாண்டு அறிக்கை கேட்பார்கள், இன்னொன்றில் ஒன்றுமே கேட்க மாட்டார்கள். பிரான்சில் 2022 முதல் முன்அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். இன்னொரு குடும்பம் "எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை" என்று சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். பதிவு செய்ய வேண்டுமா, வரலாற்றில் இன்னது நடத்த வேண்டும் என்று பட்டியல் உண்டா, வருட முடிவில் எதையாவது காட்ட வேண்டுமா என்ற மூன்றையும் உங்கள் இடத்துக் கல்வித் துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத இடமானாலும் ஒரு நோட்டில் தேதி, அத்தியாயம், ஒவ்வொரு பிள்ளையும் செய்தது ஒரு வரி என்று குறித்து வாருங்கள். மாதத்துக்கு ஒன்றாக அவர்கள் எழுதியதையோ வரைந்ததையோ தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள்.

பொதுத் தேர்வு என்று முடிவானால், அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் மூத்தவள் அந்தத் தேர்வின் பாடத்திட்டத்துக்குத் தனியாக மாற வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். தேர்வு கேட்கும் வடிவத்தில் பதில் எழுதுவது தனித் திறமை, பழைய வினாத்தாள்களை வைத்துத்தான் வரும். தனிப் புத்தகம் உண்மையிலேயே தேவைப்படும் காலம் அதுதான். அவளுக்கு இப்போது 12 வயது. இருக்கும் நேரத்தில் அவளுக்கு வரலாற்றின் மேல் மறுபடி விருப்பம் வரட்டும்.

அதற்கு அந்தப் பானிபட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். ஏட்டைத் திறக்க வேண்டாம், சும்மா பேசுங்கள். 1526இல் பாபர் ஜெயித்தார். நான்கு ஆண்டில் இறந்தார். மகன் ஹுமாயூன் 1540இல் ஷெர் ஷாவிடம் எல்லாவற்றையும் இழந்து நாட்டை விட்டே ஓடினார், பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்து 1555இல் டெல்லியைப் பிடித்தார், அடுத்த சில மாதத்தில் நூலகப் படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். அடுத்து அரியணை ஏறிய மகன் அக்பருக்கு 13 வயது, அவளைவிட ஒரே ஒரு வயது மூத்தவன். அப்பா இல்லை, கஜானாவில் பணம் இல்லை, டெல்லி மறுபடி ஷெர் ஷா வம்சத்தின் தளபதி ஹேமுவின் கைக்குப் போய்விட்டது, கூட இருப்பது பைராம் கான் என்ற ஒரு தளபதி. அவள் மாற்றி எழுதிய இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பது இந்த முப்பது ஆண்டுகள்தான். இரண்டாம் போரில் என்ன ஆயிற்று என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தப் பையன் இடத்தில் நீ இருந்தால் பின்வாங்குவாயா, போருக்குப் போவாயா, பைராம் கானை எவ்வளவு நம்புவாய் என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதி, சுருளில் 1556க்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.